பின்னால் வந்தவன் கையிலிருந்த பை

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை காலை நீ தொலைபேசியில் அழைத்தபோது நான் முற்றத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "அப்பா, இன்னைக்கு கண்டியிலிருந்து வந்து அலுவிகாரையில தொடங்கி பலாபத்வல வரைக்கும் ஓடினோம். அங்க சைக்கிள் கடை வச்சிருக்காரே குணபால, அவரைப் பார்த்தேன். மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன்" என்றாய். என்ன கேட்டாய் என்றேன். "கூட ஓடின ஆள காவலரண்ல விட்டுட்டு ஓடிப்போனது நீங்கதானேன்னு கேட்டேன். எங்க பசங்க நாலு பேருக்கும் முன்னாலதான்" என்றாய். உன் குரலில் பெருமை இருந்தது. அப்பாவின் இருபது வருஷக் கோபத்தை ஒரே மூச்சில் தீர்த்துவிட்ட மகனின் பெருமை. நான் "சரி" என்றேன். பிறகு நீ, "அந்த ஆள் கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வச்சிட்டு என்னையே பார்த்தார். பிறகு, அப்பாட கால் இப்ப சுகமான்னு கேட்டார். உங்க கால்ல என்னப்பா?" என்றாய். லைன் சரியில்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. என் காலும் நன்றாகத்தான் இருக்கிறது. அது எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்னும் மூன்று வாரத்தில் நீ கட்டாருக்குப் போகிறாய். நீ விமானம் ஏறிய பிறகு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தூரம் கூடக்கூட உண்மை சொல்வது சுலபமாகிவிடும் என்பது என் போன்றவர்களின் நம்பிக்கை. ஆனால் நீ குணபாலவிடம் கேட்டது நான்கு பேருக்கு முன்னால். நான் இந்தக் கதையைச் சொல்லி வந்ததும் பலர் முன்னால்தான்: ஆசிரியர் ஓய்வறையில், கல்யாண வீட்டுப் பந்தல்களில், மரண வீட்டு நாற்காலிகளில். ஊரறியச் சொன்னதை உன் காதில் மட்டும் திருத்திவிட்டு நான் படுத்துக்கொள்ள முடியாது. அதனால் இதன் ஒரு பிரதியை உன் கண்டி அறைக்குத் தபாலில் அனுப்புகிறேன். இன்னொன்றை ஒரு வாரப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று உன் அம்மா கேட்டுக்கொண்டாள். போடவில்லை. மாத்தளையில் இதை வாசிக்கிறவர்களுக்கு என் பெயர் தேவைப்படாது.

நீ என்னுடைய கோபங்களுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை. எனக்கு வர வேண்டிய பள்ளிக்கூட உப அதிபர் பதவியைத் தன் உறவுக்காரனுக்கு வாங்கிக் கொடுத்த அதிபர், காணி பிரிக்கும்போது கிணற்றைத் தன் பக்கம் வைத்து வேலி போட்ட உன் பெரியப்பா, என் இடமாற்றக் கடிதத்தை நான்கு மாதம் மேசைக்குள் வைத்திருந்த கந்தோர் கிளாக்கர் எல்லோரையும் உனக்குப் பெயர் பெயராகத் தெரியும். சோறு சாப்பிடும்போது அப்பளம் மாதிரி தினமும் ஒருவரை நொறுக்கினோம். உன் அம்மா பாதியில் எழுந்து போய்விடுவாள். நீ உட்கார்ந்து கேட்பாய். மற்றவர்களைப் பற்றி நான் சொன்னவை ஏறக்குறைய உண்மை. அவற்றை நான் திரும்பப் பெறப் போவதில்லை. அந்த அதிபரை இன்றைக்குப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பட்டியலில் முதலாவதாக இருந்த குணபாலவைப் பற்றிச் சொன்னது மட்டும்தான் பொய்.

நாங்கள் நான்கு பேர். உன் குழுவைப் போல எங்களிடம் மணிக்கூடு கட்டிய கைகளோ, அதற்கென்று செய்த சப்பாத்துகளோ இல்லை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஓரிரு வருஷங்கள் கழிந்திருந்தன. அலுவிகாரை மைதானத்தில் ஒரு சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் மரதன் ஓட்டம் வைத்தார்கள். மரதன் என்று பெயர்தான், ஏழெட்டு மைல் இருக்கும். செல்வராஜ் மூன்றாவதாக வந்தான். அவன் பலாபத்வலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொக்கோ காய வைக்கிற களத்தில் வேலை செய்தான். எங்கே போவதென்றாலும் நடந்தே போய்ப் பழகிய கால், செருப்பில்லாமல் ஓடினான். மரம் அறுத்து விற்கிற மரக்காலையில் வேலை செய்த குணபால நான்காவது. மாத்தளை டவுனில் வாப்பாவின் பலசரக்குக் கடையில் நின்ற நஸீர் இருபதுக்குப் பிறகு எங்கேயோ வந்தான். நான்தான் கடைசி. எனக்குப் பின்னால் ஒரு நாய்தான் வந்தது என்று நஸீர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். "அதுவும் மாஸ்டருக்கு மரியாதை கொடுத்துத்தான் மச்சான் பின்னால வந்தது. இல்லாட்டி அது எப்பவோ முந்தியிருக்கும்" என்பான். அன்றைக்கு மைதானத்து ஓரத்தில் ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வருஷத்துக்குச் சேர்ந்து பயிற்சி எடுப்போம் என்று சொன்னவன் நான்தான். இருபத்தைந்து வயது, பட்டதாரி, கணித ஆசிரியர். எதையாவது ஆரம்பித்து வைத்துத் தலைமை தாங்குவது எனக்கு இயல்பாக வந்தது.

அலுவிகாரையில் மிளகும் ஏலமும் வளர்க்கிற ஒரு வாசனைத் தோட்டத்துக்குப் பின்னால் நான் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஐந்தரை மணிக்கு அங்கேயிருந்து புறப்பட்டு யாழ்ப்பாண வீதியில் பலாபத்வல வரை போய்த் திரும்புவோம். வாரத்தில் மூன்று நாள். செல்வராஜ் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து எங்களோடு ஓடி, மறுபடி ஏறி, வேலைக்கு முன் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போய் நிற்பான். உண்மையில் எங்களைப் போல இரண்டு மடங்கு ஓடியவன் அவன்தான். அந்தக் காலைகள் இனிமையானவை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. லொறிப் புகை, தெரு நாய்கள், முழங்கால் வலி. ஆனால் ஒன்று உண்மை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் என்னை யாரும் பள்ளிக்கூடத்துச் சேர் என்று பயந்து பார்க்கவில்லை. குணபாலவுக்கு வேலைக்கு வேண்டிய அளவு தமிழ் தெரியும், எங்களுக்குச் சிங்களம் தெரியும். மூச்சு வாங்கும்போது எந்த மொழியிலும் இரண்டு சொல்லுக்கு மேல் வராது.

இப்போது அடையாள அட்டைக்கு வருகிறேன். உனக்குப் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்திலேயே படிவம் நிரப்பி அட்டை வந்துவிட்டது. செல்வராஜின் அப்பாவுக்குச் சாகும்வரை அட்டை கிடையாது. தோட்டத்து ஆள் என்பதால், எந்த நாட்டுக்காரர் என்று இரண்டு நாடுகள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டிருந்ததற்கிடையில் அவர் போய்ச் சேர்ந்தார். செல்வராஜுக்குப் பிரஜாவுரிமை கிடைத்து, அட்டை கைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதைச் சட்டைப் பைக்குள் வைத்துத்தான் ஓடுவான். ஒரு நாள் வியர்வை பிளாஸ்டிக் உறைக்குள் இறங்கி மை கலங்கிவிட்டது. நடு வீதியில் நின்று அட்டையை வெயிலில் பிடித்துக்கொண்டு, "சேர், பேரு அழிஞ்சு போச்சுன்னா நான் யாருன்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டான். முகம் வெளிறியிருந்தது. "நீ செல்வராஜ்தான் மச்சான், நான் கடை லெட்டர்ஹெட்ல எழுதி சீல் குத்தித் தாறேன்" என்றான் நஸீர். சிரித்தோம். மறு ஓட்டத்துக்குக் குணபால ஒரு சிலிசிலிப் பை கொண்டு வந்தான். கடையில் சாமான் போட்டுத் தருகிற மெல்லிய பொலித்தீன் பை. நான்கு பேரின் அட்டையையும் அதில் போட்டுச் சுற்றிக் கட்டினான். யார் கொண்டு வருவது? வேகமாக ஓடுகிறவனுக்குக் கை வீச இடைஞ்சல். மெதுவாக ஓடுகிறவனுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. பை என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து நஸீர் என்னைத் தபால் கந்தோர் என்று கூப்பிட ஆரம்பித்தான்.

அந்த ஏற்பாட்டில் இருந்த பிழையை நான்கு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. வேகம், தூரம், நேரம் என்று பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறவன் நான். நானாவது பார்த்திருக்க வேண்டும். வேகமாக ஓடுகிறவன் எங்கேயும் முதலில் போய்ச் சேருவான். அட்டையில்லாமல் போய்ச் சேருவான். அந்த வருஷங்களில் அந்த வீதியில் செல்வராஜ் என்ற பெயருள்ளவன் அப்படிப் போய் நிற்கக் கூடாது. இராணுவத்தினர் அட்டை பார்க்கிற, எங்களுக்குத் தெரிந்த காவலரண் ஒன்று இருந்தது. அதற்கு நூறு யார் தூரம் முன்னாலேயே மற்ற மூவரும் நின்றுகொள்வார்கள், நான் வந்து சேர்ந்ததும் ஆளுக்கொரு அட்டையை எடுத்துக்கொண்டு நடந்து கடப்போம். ஏழெட்டு மாதம் அப்படியே ஓடியது. காவலரண் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்பினோம்.

பல்லேகமவில் அடுத்த புத்தாண்டுக்குப் பெரிய ஓட்டம் வைக்கப் போவதாக அறிவித்தல் வந்தது. மலைப்பாதையில் பன்னிரண்டு மைல். ஊருக்கு ஓர் அணி. அந்த அறிவித்தலை டவுனில் சுவரில் பார்த்து எழுதிக்கொண்டு வந்தவனும் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நஸீரின் கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்பினோம். படிவம் சிங்களத்தில் இருந்ததால் குணபால எழுதினான். அணிக்கு மூன்று பெயர்தான் என்று வாசித்துவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. "யார் யார்?" என்று நானே கேட்டேன், தெரியாதவன் போல. செல்வராஜ்தான் பேசினான். "சேர் பையைப் பார்த்துக்குவாருங்க. சேர் இல்லாட்டி எங்களுக்கு ஓடவே ஏலாதே" என்றான். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். நஸீர் விடவில்லை. "தபால் கந்தோர இழுத்து மூடிட்டு மாஸ்டரும் ரேஸுக்கு வந்தா, ஊர்க் கடுதாசியெல்லாம் யாரு குடுக்கிற?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குணபால மூன்று பெயரை எழுதி மையை ஊதிக் காய வைத்தான்.

என் மனதில் அப்போது ஓடியதை உனக்கு அப்படியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தில் பயனில்லை. இந்தக் குழுவை உண்டாக்கியவன் நான், படித்தவன் நான், கொக்கோ களத்தில் கூலி வேலை செய்கிற ஒருவன் எனக்குப் பை தூக்குகிற வேலை கொடுக்கிறான் என்று நினைத்தேன். கூலி என்ற சொல்லைத்தான் நினைத்தேன். அவனோடு ஒரே குடத்தில் தண்ணீர் குடித்த வாய்தான் இது. நான் மெதுவாக ஓடுகிறவன் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும். ஆனால் அதை ஒரு படிவத்தில் எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் திங்கள். நஸீருக்குக் காய்ச்சல், வரவில்லை. மூன்று அட்டைகளையும் பைக்குள் போட்டு என் கையில் தந்தார்கள். வழக்கம் போல முதல் வளைவிலேயே இருவரும் என்னைவிட்டு முன்னால் போனார்கள். குணபால திரும்பி, "மாஸ்டர், மெதுவா வாங்க, அவசரம் இல்ல" என்று கத்தினான். அவன் எல்லா நாளும் சொல்வதுதான். அன்றைக்கு அது என் காதில் வேறு மாதிரி விழுந்தது. ஒரு மைல் போயிருப்பேன். நின்றேன். இவர்கள் திரும்பி வந்து என் கதவைத் தட்டி, "சேர், அட்டை" என்று கேட்கட்டும் என்று தோன்றியது. கையில் பையோடு திரும்பி நடந்தேன். அவ்வளவுதான் மகனே. இதற்குப் பின்னால் சதியோ அரசியலோ பயமோ எதுவும் இல்லை. அவர்கள் ஒரு தடவை என் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்ற ஆசை. பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். குளித்தேன். அவர்கள் வரவில்லை. எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அறையைப் பூட்டிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

பலாபத்வலைக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் அன்றைக்குப் புதிதாக இராணுவத்தினர் வீதியை மறித்து நின்றிருந்தார்கள். திரும்பி ஓட இடமில்லாத திருப்பம். குணபாலவிடமும் அட்டை இல்லை. ஆனால் வாயைத் திறந்து இரண்டு சொல் பேசியதும் அவனைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவன் போகவில்லை. அட்டை பின்னால் வருகிறது, எங்கள் மாஸ்டர் கொண்டு வருகிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினான். செல்வராஜைத் தரையில் உட்கார வைத்தார்கள். அவனும் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், சேர் வருவார், எப்போதும் வருவார் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். அரை மணி நேரம் இரண்டு பேரும் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த நேரத்தில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜீப் வரப்போகிறது என்று தெரிந்ததும் குணபால, "நான் எடுத்துக்கிட்டு வாறேன்" என்று செல்வராஜிடம் சொல்லிவிட்டு அலுவிகாரைக்கு ஓடினான். அவன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓடியிருக்க மாட்டான். வந்து பார்த்தால் கதவில் பூட்டு. வழியில் எங்கேயோ மாஸ்டரைத் தவறவிட்டுவிட்டேன், அவர் இதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைத்து மறுபடி அவ்வளவு தூரமும் ஓடினான். நான் திரும்பி வந்திருப்பேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அங்கே செல்வராஜ் இல்லை. அவன் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் இருந்தது.

குணபால முதல் தடவை அலுவிகாரைப் பக்கம் ஓடியதை ஒரு தேநீர்க் கடைக்காரர் பார்த்திருக்கிறார். அவர் பார்த்தது பொய்யில்லை. நண்பனை மண்ணில் உட்கார வைத்திருக்கும்போது ஒருவன் தலைதெறிக்க ஓடுகிறான். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பத்து மணிக்கெல்லாம் கதை பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. எங்கள் பியோன் வகுப்பு வாசலில் வந்து நின்று, "சேர், உங்க கூட ஓடுற தோட்டத்துப் பையனைப் பிடிச்சிட்டாங்களாம். கூட இருந்த சிங்களப் பையன் விட்டுட்டு ஓடிட்டானாம்" என்றார். என் கையில் வெண்கட்டி இருந்தது. அந்தப் பாடவேளையை முழுவதுமாகக் கற்பித்தேன். அடுத்ததையும்.

மாலையில் குணபால என் அறை வாசலில் உட்கார்ந்திருந்தான். உதடு உப்புப் பூத்திருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னான். மேலே நான் எழுதியது அவன் சொன்னதுதான். பிறகு, "மாஸ்டர், நீங்க எங்க போனது?" என்று கேட்டான். "கால் பிரண்டு போச்சு, திரும்பி வந்துட்டேன்" என்றேன். அவன் என் காலைப் பார்த்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து சப்பாத்துப் போட்டு நடந்து வந்து அவன் முன்னால் இரண்டு காலிலும் நேராக நின்றுகொண்டிருந்தேன். கதவைத் திறந்ததும் ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தான். மறுபடியும் என்னைப் பார்த்தான். "கால் சுகமா?" என்று கேட்டான். பையை எடுத்துக்கொண்டான். இருவரும் அந்தத் திருப்பத்துக் காவலரணுக்குப் போனோம். அட்டையைக் காட்டினோம். ஆள் வேறு இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

பத்து மாதம் அவனைத் தடுத்து வைத்திருந்தார்கள். நான் மனு எழுதினேன். மூன்று மொழியிலும் எழுதினேன், நல்ல மனுக்கள், அவற்றில் ஒரு எழுத்துப் பிழை இருக்காது. ஆனால் அவனிடம் ஏன் அட்டை இல்லை என்பதை ஒன்றிலும் எழுதவில்லை. ஊரில் தேநீர்க் கடைக் கதை பரவியது. நான் அதைச் சொல்லவில்லை. யாராவது சொன்னால் மறுக்காமல் இருந்தேன். செல்வராஜின் அம்மாவைப் பார்க்கக் குணபால தோட்டத்துக்கு ஏறிப் போனபோது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துச் சனங்கள் அவனைப் படியேற விடவில்லை. நஸீர் அவனைக் கடைக்குள் வர வேண்டாம் என்றான். அந்த வருஷம் பல்லேகமவுக்கு ஒருவரும் ஓடப் போகவில்லை.

செல்வராஜ் திரும்பி வந்தபோது ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நான் லயத்துக்குப் போனேன். வலது காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். முழங்கால் மடங்கவில்லை. எதனால் என்று அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அவன் கேட்டது ஒன்றுதான். "சேர், குணபால ஏன் சேர் திரும்பி வரல? கார்டு எடுத்துக்கிட்டு வாறேன்னு சொல்லிட்டுத்தான் போனான். ஜீப்புல ஏத்துற வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன்." மகனே, அதுவரை நான் வாய் மூடி இருந்தவன்தான். அந்தக் கணத்தில்தான் பொய்யன் ஆனேன். "பயந்துட்டான் போல இருக்கு" என்றேன். அவன் தலையை ஆட்டினான். "அப்ப நீங்க சேர்?" என்றான். கால் பிரண்டுவிட்டது என்றேன். மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், "ஐயோ, இப்ப சுகமா சேர்?" என்று கேட்டான். அவன் உண்மையாகவே கேட்டான்.

கொஞ்ச நாளில் அவனும் அம்மாவும் உறவினரோடு கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே காடு வெட்டித் தோட்டம் செய்வதாக ஒரு கடிதம் வந்தது. நான் பதில் எழுதவில்லை. இப்போது தினமும் யுத்தச் செய்தியில் அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கேட்கிறேன். மடங்காத காலோடு ஒரு மனிதன் எத்தனை தடவை இடம்பெயர முடியும் என்று யோசிக்கிறேன். உன் அம்மா வானொலியை நிறுத்திவிடுகிறாள். அவனுக்கு எழுத என்னிடம் ஒரு விலாசமும் இல்லை. நஸீர் இரண்டு வருஷத்துக்கு முன் மௌத்தானது உனக்குத் தெரியும். ஜனாஸா அடக்கத்துக்கு நாம் இருவரும் போனோம். எதிர்ப்பக்கத்தில் வீதியோரமாக வெள்ளைச் சட்டை போட்டு ஒருவர் தனியாக நின்றாரே, நீகூட யாரென்று கேட்டாயே, அது குணபால. எனக்கு யாரோ கதிரை கொடுத்தார்கள். உட்கார்ந்துகொண்டு, "அவன்தான்" என்று உன்னிடம் சொன்னேன்.

குணபால ஏன் இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லவில்லை? எனக்குத் தெரியாது. சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். நானே சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். அவன் ஒரு நாள் என் சட்டையைப் பிடித்து நாலு பேர் முன்னால் கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட்காமல் இருந்ததற்காகவே அவனை வெறுத்தேன். ஒருவனை வெறுத்துவிட்டால் அதற்குக் காரணம் சேர்ப்பது கஷ்டமில்லை. தேர்தலில் அவன் கடைச் சுவரில் யாருடைய படம் ஒட்டியிருந்தது, யுத்தம் பற்றி அவன் தம்பி பஸ்ஸில் என்ன பேசினான் என்றெல்லாம் சேர்த்து வைத்தேன். உனக்குப் பத்து வயதில் பள்ளிக்கூட ஓட்டத்தில் கிண்ணம் வாங்கிக்கொண்டு வந்தாய். அன்றைக்குத்தான் உன்னை உட்கார வைத்து இந்தக் கதையை முதல் தடவை சொன்னேன். யாரோடு ஓடுகிறாய் என்று பார்த்து ஓடு என்று முடித்தேன். நீ அதைப் பதின்மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருந்து, போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் உரியவரல்லாத ஒருவரிடம் கொடுத்திருக்கிறாய். அந்தப் பிழை உன்னுடையதில்லை.

நீ போகிற நாட்டில் கம்பனிக்காரர்கள் கடவுச்சீட்டை வாங்கித் தங்களிடம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்படுகிறேன். முடிந்தவரை கொடுக்காதே. உன் பெயர் எழுதிய கடதாசி உன் சட்டைப் பையில் இருக்கட்டும், வியர்வையில் நனைந்தாலும் பரவாயில்லை. அறையில் உன்னோடு இருக்கிற யாராவது நம்பி உன் கையில் ஒன்றைக் கொடுத்தால், அவன் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பிறகு சண்டை பிடி. பெரிய துரோகம் எதுவும் செய்யாதவன் நான். வீதியில் பாதியில் திரும்பி நடந்தேன், குளித்தேன், பஸ் ஏறினேன். எனக்குத் தெரிந்த புத்திமதி இவ்வளவுதான். மற்றதெல்லாம் உன் அம்மா சொல்வாள்.

இந்தக் கடிதத்தைக் குணபாலவால் வாசிக்க முடியாது. அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பத்திரிகையில் வந்தாலும் அவன் கடையில் அது சைக்கிள் செயின் துடைக்கத்தான் உதவும். இது எனக்கு எழுதத் தொடங்கும்போதே தெரியும். வாசிக்க முடியாத மொழியில் மன்னிப்புக் கேட்பது எனக்கு வசதியாக இருந்தது என்பதும் தெரியும். அதனால் வாயால்தான் சொல்ல வேண்டும், சிங்களத்தில். கந்தோரிலும் சந்தையிலும் தண்ணீர் மாதிரி வருகிற சிங்களம், இந்த நான்கு நாளாக இதற்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது. முற்றத்தில் நடந்து நடந்து சொல்லிப் பார்க்கிறேன். மிளகைக் கொத்த வந்த கோழிக்குத்தான் இதுவரை மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஓடத் தொடங்குகிற இடத்துக்கு நான் வருவேன். பஸ்ஸில் போகமாட்டேன். அந்த வீதியில் நான் திரும்பிய மைல்கல்லைத் தாண்டி ஒரு தடவையாவது நடந்து போக வேண்டும். ஓட முடியாது, வயது ஐம்பதாகிறது. ஒன்றரை மணி நேரம் ஆகலாம். எனக்காக நீங்கள் யாரும் மெதுவாகப் போக வேண்டாம். நீ எனக்கு வெகு நேரம் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவாய். என் சார்பில் அவனிடம் மன்னிப்புக் கேட்காதே, என் கதையை எடுத்துச் சொல்லாதே, அது என் வேலை. கடைக்குள் போய், வாங்குப் பலகை இருந்தால் அவன் பக்கத்தில் உட்கார். அப்பா பின்னால் வருகிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொல். அவன் இந்த வசனத்தை ஒரு தடவை தன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். உன்னை நம்பமாட்டான், வீதியைக்கூடப் பார்க்கமாட்டான், தன் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருப்பான்.

நீ பார்த்துக்கொண்டிரு. நான் வருவேன்.

உன் அப்பா